போர்ட்டிகோ முதல் மொட்டைமாடி வரை: வீட்டில் கான்கிரீட் உடைக்க ஆள் பிடிப்பது எப்படி

வீட்டில் கான்கிரீட் உடைக்க ஆள் விசாரித்தால், போனில் வரும் முதல் கேள்வி "எத்தனை சதுர அடி சார்?" என்பதுதான். நாம் ஓர் எண்ணைச் சொல்வோம், அவர் ஒரு தொகையைச் சொல்வார், கொஞ்சம் குறைத்துப் பேசி முடித்துவிடுவோம். மறுநாள் காலை பிரேக்கர் மெஷினோடு இரண்டு பேர் வந்து இறங்குவார்கள். தகராறு அதற்குப் பிறகுதான். நாலு அங்குலம் என்று நினைத்த தளம் எட்டு அங்குலமாக இருக்கும். அடியில் போன தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கும், தூணின் ஓரம் பெயர்ந்திருக்கும். உடைசல், அதாவது ரப்பிஷ், தெருவில் கிடக்கும். கேட்டால், "அத எடுக்கறது நம்ம கணக்குல இல்லையே சார்" என்பார் மேஸ்திரி.

உடைப்பது இந்த வேலையில் எளிதான பகுதி. பக்கத்தில் நிற்பதைக் கெடுக்காமல் உடைக்க வேண்டும், உடைந்ததை முறையான இடத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும்தான் நாம் காசு கொடுக்கிறோம். ஆகவே ஒப்பந்தக்காரரோடு பேசும் பேச்சில் முக்கால் பங்கு இவற்றைப் பற்றியே இருக்கட்டும்.

தடிமன் தெரியாமல் விலை பேசாதீர்கள்

சென்னையில் பழைய போர்ட்டிகோ என்பது பெரும்பாலும் ஒரே தளம் கிடையாது. தெருவில் ரோடு போடப் போட மட்டம் ஏறும். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வீட்டுக்காரர்கள் பழைய தளத்தை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு தளம் போடுவார்கள். இருபது முப்பது வருட வீட்டில் இப்படி இரண்டு அடுக்கு இருப்பது சாதாரணம். நடுவில் கடப்பாக் கல்லோ பழைய மொசைக்கோ புதைந்திருக்கும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு இல்லை. ஒரு ஹாமர் டிரில், 12 எம்.எம். பிட், பிட்டின் மேல் அங்குலத்துக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். தளத்தில் தள்ளித் தள்ளி மூன்று இடத்தில் துளை போடச் சொல்லுங்கள். சம்ப்பிலிருந்து (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) மோட்டாருக்குப் போகும் வழி, மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே உள்ள வழி இரண்டையும் தவிர்த்துவிட்டுப் போடுங்கள். வெளியே வரும் தூளைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். சாம்பல் நிறம் வரும்வரை சிமென்ட் கான்கிரீட். செங்கல் நிறத்துக்கு மாறினால் கீழே செங்கல் ஜல்லி. வெளுத்து மாவுபோல் வந்தால் சுண்ணாம்பு. தூள் நின்று பிட்டின் பள்ளத்தில் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தால் மண்ணைத் தொட்டாயிற்று. பிட் இறங்காமல் கிறீச்சிட்டால் கம்பியோ கல்லோ இருக்கிறது. இரண்டு அங்குலம் தள்ளிப் போட்டு, அங்கேயும் அதே ஆழத்தில் நின்றால் கல்தான்.

இந்தச் சோதனையைத் தானாகவே கேட்டு வாங்கும் ஒப்பந்தக்காரர் கிடைத்தால், அவர் சொல்லும் தொகை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அவரையே வையுங்கள். தளத்தைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு விலை சொல்பவர் நடுவேலையில் விலையை ஏற்றத்தான் செய்வார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

தடிமன் தெரிந்ததும் சதுர அடியை விட்டுவிட்டுக் கன அடியில் கணக்குப் போடுங்கள். பத்துக்குப் பதினைந்து போர்ட்டிகோ 150 சதுர அடி. நாலு அங்குலத் தளம் என்றால் 50 கன அடி. கம்பி போட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2,500 கிலோ, அதாவது கன அடிக்கு ஏறக்குறைய 70 கிலோ. ஆக இந்தச் சின்னப் போர்ட்டிகோவே மூன்றரை டன். ஆறு அங்குலம் என்றால் ஐந்தே கால் டன். உடைத்ததும் இடைவெளி விழுந்து கன அளவு ஒன்றரை மடங்கு ஆகும். 50 கன அடித் தளம் 75 கன அடி ரப்பிஷாக, முக்கால் யூனிட்டாகக் குவியும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. உடைந்த கான்கிரீட் ஒரு யூனிட் நாலரை டன் எடை வரும். முக்கால் டன் மட்டுமே ஏற்றக்கூடிய குட்டி யானை வண்டியை வைத்து இதை எடுப்பதாகச் சொன்னால் ஐந்து நடை. ஒரே நடையில் முடித்துவிடுவேன் என்கிறவர் மீதியை எங்கே போடப் போகிறார் என்று கேளுங்கள்.

கம்பிக்கும் கணக்கு உண்டு. சாதாரண வீட்டு மேல்தள ஸ்லாபில் கன மீட்டருக்குச் சுமார் 80 கிலோ கம்பி இருக்கும். அதே 150 சதுர அடியில் ஐந்து அங்குல ஸ்லாப் என்றால் 140 கிலோவுக்கு அருகில். அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்கினால், "கம்பி எங்களுக்கு, அதனால ரேட் கம்மி" என்ற பேச்சு உண்மையில் நமக்கு எவ்வளவு குறைத்தது என்பது தெரிந்துவிடும். மண்மேல் போட்ட தரைத்தளத்தில் கம்பியே இருக்காது, இருந்தாலும் மெல்லிய வலைதான். அங்கே இந்தக் கணக்கைக் காட்டி யாரும் தள்ளுபடி தர மாட்டார்கள்.

யாரைக் கூப்பிடுவது

இந்த ஊரில் இந்த வேலைக்கு நாலு விதமான ஆட்கள் இருக்கிறார்கள், நாலு பேரும் ஒன்றல்ல. பழைய பில்டிங் இடிப்பவர்கள் முழு வீட்டை எடுப்பவர்கள். அவர்களுடைய வருமானம் தேக்குக் கதவு, ஜன்னல், கம்பி, முழுச் செங்கல் ஆகியவற்றில் இருப்பதால் பல நேரம் அவர்களே நமக்குப் பணம் தருவார்கள். ஒரு பால்கனியை மட்டும் எடுத்து மீதியை அப்படியே விடும் வேலை அவர்களுடைய கைக்கு ஒத்துவராது. இரண்டாவது, பிரேக்கர் மெஷினோடு நாள்கூலிக்கு வரும் ஆட்கள். போர்ட்டிகோ, பாதை, காம்பவுண்டு ஓரத் தளம் போன்ற மண்மேல் கிடக்கும் கான்கிரீட்டுக்கு இவர்கள் போதும். மூன்றாவது, கோர் கட்டிங் (வட்டத் துளை அறுப்பது), ஸ்லாப் கட்டிங் செய்பவர்கள். வைரப் பல் வைத்த பிளேடும் தண்ணீரும் கொண்டு அறுப்பதால் அதிர்வு மிகக் குறைவு. நிற்கும் ஸ்லாபில் மாடிப்படிக்கோ லிஃப்டுக்கோ திறப்பு எடுக்க இவர்களைத் தவிர வேறு யாரையும் நினைக்காதீர்கள். நாலாவது, வழக்கமாக வீட்டு வேலை பார்க்கும் மேஸ்திரி. அவர் கையில் ஐந்து கிலோ சிப்பிங் மெஷினும் உளியும் இருக்கும். பாத்ரூம், சுவர் ஓரம், மாடித்தளம் போன்ற நிதானமான வேலைக்கு நல்ல மேஸ்திரியை மிஞ்ச ஆள் இல்லை.

ஜேசிபியைக் கொண்டுவந்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அதன் அகலமே ஏழரை அடிக்கு அருகில், எடை ஏழெட்டு டன். வாசல் கேட் அந்த அகலம் இருக்கிறதா என்பதைவிட, அது ஏறி நிற்கப் போகும் இடத்துக்குக் கீழே சம்ப்போ பழைய செப்டிக் டேங்க்கோ இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சம்ப் மூடி கார் ஏற மட்டும் போட்டதாக இருக்கும், ஜேசிபியை அது தாங்காது.

போர்ட்டிகோவுக்கு அடியில்

சென்னை வீட்டின் முன்புறம் ஒரு சின்ன நிலத்தடி ஊர். மெட்ரோ வாட்டர் இணைப்பு, சம்ப், மோட்டார் லைன், கழிவுநீர்க் குழாயும் அதன் சேம்பரும், மின்வாரிய கேபிள், எர்த் பிட், போர்வெல் கேசிங், 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி என்று எல்லாம் பத்தடிக்குள் அடக்கம். வேலைக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடோ சாக்பீஸோ கொண்டு இவை ஒவ்வொன்றும் போகும் வழியைத் தளத்தின்மேல் வரையுங்கள். சேம்பர் மூடியைத் திறந்து குழாய் எந்தத் திசையில், என்ன ஆழத்தில் போகிறது என்று பார்க்கலாம். மீட்டரிலிருந்து கேபிள் எங்கே மண்ணுக்குள் இறங்குகிறது என்று பார்க்கலாம். கேபிள் போகும் வழிக்கு இரண்டு பக்கமும் ஓர் அடி அகலத்துக்கு மெஷின் வேண்டாம். மெயினை அணைத்துவிட்டோம் என்ற தைரியம் இங்கே உதவாது, மீட்டருக்கு முன்னால் வரும் கேபிளில் நம் மெயின் அணைந்தாலும் மின்சாரம் இருக்கும்.

தளத்தை உடைக்கத் தொடங்கும் இடம் முக்கியம். நடுவிலோ கேட் ஓரத்திலோ ஒரு குழியை முழு ஆழத்துக்கு உடைத்து, அந்தக் குழியை நோக்கி அடுத்தடுத்த துண்டைப் பெயர்க்க வேண்டும். விளிம்பு விடுதலையாக இருந்தால் கான்கிரீட் துண்டு துண்டாக வரும். குழி எடுக்காமல் எல்லா இடத்திலும் குத்திக்கொண்டே போனால் மெஷின் துள்ளும், அதிர்வு முழுக்கப் பக்கத்துச் சுவருக்குப் போகும். வீட்டுச் சுவர், தூண், படிக்கட்டு ஆகியவற்றை ஒட்டி ஆறு அங்குலத்துக்குள் பெரிய பிரேக்கரை அனுமதிக்காதீர்கள். முதலில் அந்த ஓரத்தில் ஸ்லாப் கட்டரால் ஒன்றரை இரண்டு அங்குல ஆழத்துக்கு ஒரு கோடு அறுத்துவிட வேண்டும். பிறகு உடைத்தால் விரிசல் அந்தக் கோட்டோடு நின்றுவிடும், டைல்ஸ் ஓரமும் நேராக இருக்கும். மீதி ஆறு அங்குலத்தைச் சின்ன மெஷினால் எடுக்கட்டும். இந்த ஒரு கோட்டுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்துவிட்டுத் தூணின் கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டவர்கள் அதைப்போல் பல மடங்கு செலவு செய்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற மணல் பகுதிகளில் தளத்தை எடுத்த பிறகு மண்ணைத் தோண்டுவதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். காம்பவுண்டு சுவரின் அஸ்திவாரம் பல இடங்களில் இரண்டடிதான். அதன் அடிமட்டத்துக்குக் கீழே பக்கத்தில் குழி தோண்டினால் மணல் சரிந்து குழிக்குள் வரும், அதைத் தொடர்ந்து சுவரும் சாயும்.

தளம் போன பிறகு முழுவதையும் மறுபடி கான்கிரீட்டால் மூட வேண்டுமா என்பதையும் இப்போதே யோசியுங்கள். கார் சக்கரம் ஏறும் இரண்டு பட்டையை மட்டும் தளமாக்கி, நடுவிலும் ஓரத்திலும் மண்ணாகவோ ஜல்லியாகவோ விட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். மூடிப்போன சேகரிப்புக் குழியைத் தூர்வாரவும் இதைவிட நல்ல சமயம் வராது.

செப்டிக் டேங்க், பழைய சம்ப்

இந்தப் பகுதியில் சமரசமே கிடையாது. மூடிக் கிடந்த செப்டிக் டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் இருக்கும். உள்ளே இறங்கியவர் இரண்டு மூச்சில் விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். எத்தனை செய்தி வந்தாலும் இது நிற்கவில்லை. மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. "ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்" என்று எந்த ஆள் சொன்னாலும் விடாதீர்கள். அப்படி இறக்கும் ஒப்பந்தக்காரரை அன்றே நிறுத்துங்கள்.

முறை இதுதான். முதலில் உறிஞ்சு லாரியை வைத்து முழுக்கக் காலி செய்ய வேண்டும். எல்லா மூடியையும் திறந்து காற்றோட விட வேண்டும். அருகில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது. மேல் ஸ்லாபின்மேல் யாரும் நிற்காமல், வெளியே தரையில் நின்றுகொண்டு ஓரத்திலிருந்து உடைத்து, துண்டுகள் உள்ளேயே விழும்படி விட வேண்டும். அடித்தளத்திலும் துளை வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் தொட்டிபோலத் தண்ணீர் நிற்கும். அதையும் ஆள் இறங்காமல், மேலிருந்தே மெஷினின் நீண்ட கையால் செய்யச் சொல்லுங்கள். பிறகு உடைந்த கான்கிரீட்டையும் செங்கல்லையும் போட்டு, இடைவெளியில் மணலோ குவாரி டஸ்ட்டோ இட்டு, தண்ணீர் விட்டுத் தட்டித் தட்டி நிரப்பலாம். போர்ட்டிகோ ரப்பிஷின் ஒரு பகுதி இங்கேயே செலவாகிவிடும், லோடும் குறையும்.

சம்ப்பை உடைத்துப் பெரிதாக்கும் வேலை என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடாதீர்கள். மேல் ஸ்லாப் என்பது சம்ப் சுவர்களின் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பது. அதை எடுத்ததும், வெளியே ஈர மண் தள்ளும்போது சுவர் உள்ளே சாயும். நிலத்தடி நீர் ஏறிய சமயத்தில் காலிச் சம்ப்பையே தண்ணீர் மேலே தூக்கிவிடவும் கூடும். ஏப்ரல், மே மாதங்களில் நீர் மட்டம் இறங்கியிருக்கும்போது செய்யுங்கள். வெயிலுக்குப் பயந்தால் காலை ஆறரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்தி, மாலையில் தொடரச் சொல்லலாம்.

மொட்டைமாடி

கசிவு நிற்கவில்லை என்று மாடியின் சுருக்கித் தளத்தை (ஸ்லாபின்மேல் போட்ட செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளம்) எடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு, பத்துப் பதினைந்து கிலோ பிரேக்கரை மாடிக்கு ஏற்றுவது. மேலே மூன்று நாலு அங்குலச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதன் கீழே நாலரை ஐந்து அங்குல ஸ்லாப். இரண்டுக்கும் நடுவே மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது, ஓட்டுபவர் கைக்குத்தான் தெரிய வேண்டும். கடைசி ஓர் அங்குலத்தை உளியும் சின்ன மெஷினும் கொண்டு எடுக்க வேண்டும். ஸ்லாபில் விழும் ஒவ்வொரு குத்தும் கீழே சீலிங்கில் மயிரிழை விரிசலாக வரும்.

இரண்டாவது தவறு, உடைத்ததை மாடியின் நடுவில் குவிப்பது. மக்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு வடிவமைப்பில் எடுக்கும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. உடைந்த செங்கல் ஜல்லியை நாலு அங்குல உயரத்துக்குப் பரப்பினாலே அந்தக் கணக்கைத் தொட்டுவிடும். மூன்றடி உயரக் குவியல் அதைப்போல் எட்டொன்பது மடங்கு. ஆகவே உடைக்க உடைக்க இறக்க வேண்டும். அன்றைக்கு உடைத்தது அன்றைக்கே கீழே என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இறக்குவதற்குச் சாக்கு மூட்டையும் கப்பியும், அல்லது மாடியிலிருந்து வண்டி வரைக்கும் குழாய்ச் சறுக்கும் கேளுங்கள். கைப்பிடிச் சுவர் மேலிருந்து வாரிக் கொட்டுவது பக்கத்து வீட்டோடு காலத்துக்கும் பகை.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் பக்கத்துப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். தேக்குக் கட்டைகளின்மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்த கூரை அது. கம்பி கிடையாது. செங்கல் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிப்பதில்தான் அது நிற்கிறது. இங்கே மெஷினே கூடாது. கீழே முட்டுக் கொடுத்து, கைக்கருவியால் ஒரு கட்டை இடைவெளிக்கு ஒரு பட்டையாக எடுக்க வேண்டும். இதைச் செய்த அனுபவம் இருக்கிறதா என்று நேரே கேளுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

மாடித்தளத்தைத் திறந்தால் வடகிழக்கு மழைக்கு முன்னால் மூடிவிட வேண்டும். செப்டம்பரில் தொடங்காதீர்கள்.

பால்கனியும் சன்ஷேடும்

வீட்டு வேலையில் ஆளைக் கொல்லும் கான்கிரீட் இதுதான். ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு நீட்டி நிற்கும் ஸ்லாபில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். சுவருக்குள் போன கம்பியும் சுவரின் எடையும்தான் அதைத் தாங்குகின்றன. சன்ஷேடுக்கு மேலே உள்ள சுவரை முதலில் இடித்துவிட்டால் பின்பாரம் போய், சன்ஷேட், ஜன்னலுக்கு மேலே உள்ள கான்கிரீட் விட்டமான லின்டலோடு சேர்ந்து கவிழும். கீழே நிற்பவர் ஓட நேரம் இருக்காது.

வரிசை தலைகீழாக மாறக் கூடாது. முதலில் கீழே ஜாக்கி முட்டு, முட்டுக்குக் கீழே பலகை. பிறகு நுனியிலிருந்து சுவரை நோக்கி, ஓரடி ஓரடியாகக் கான்கிரீட்டை உதிர்க்க வேண்டும், கம்பியை விட்டுவிட்டு. கம்பியைக் கடைசியில், அதுவும் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி அறுக்க வேண்டும். பால்கனியைச் சுவர் ஓரத்தில் வெட்டி மொத்தமாக விழ வைக்கலாம் என்று யோசனை சொல்பவரை உள்ளே விடாதீர்கள். வேலை செய்பவர் அந்தப் பால்கனியின்மேல் நின்றுகொண்டு உடைக்கவும் கூடாது, சாரம் கட்டி நிற்க வேண்டும்.

கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றால் கம்பி துருப்பிடித்து ஊதி, சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து தொங்கும். முழுவதையும் எடுப்பதா, பெயர்ந்ததை மட்டும் எடுத்துச் சரிசெய்வதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும். உடைப்பவர் எப்போதும் உடைக்கத்தான் சொல்வார். சரிசெய்வது என்றால் தட்டினால் பொள்ளென்று கேட்கும் கான்கிரீட்டை எல்லாம் எடுத்து, கம்பிக்குப் பின்னாலும் ஓர் அங்குலம் வெற்றிடம் வரும்வரை போக வேண்டும். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் சுரண்டிப் பூசினால் பின்னால் இருக்கும் துரு மறுபடி தள்ளும்.

ஃப்ளாட்டில்

ஓ.எம்.ஆர். பக்கம் வந்த பல புதிய உயரக் கட்டடங்கள் அலுமினிய அச்சு வைத்து, மைவான் முறையில் வார்த்தவை. அங்கே செங்கல் சுவரே இருக்காது. அறைக்கு நடுவில் உள்ள சுவரும் பாரம் தாங்கும் கான்கிரீட்தான். ஜன்னலைப் பெரிதாக்க, சமையலறையைத் திறக்க என்று எதையும் உடைக்கக் கூடாது. ஏசி குழாய்க்கு ஒரு துளை போடுவதென்றாலும் பில்டரின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கோர் கட்டிங்கில் மட்டும்.

பாத்ரூம் கசிவுக்குச் சங்கன் ஸ்லாபின் (குழாய்களுக்காகப் பள்ளமாக இறக்கிப் போட்ட ஸ்லாப்) நிரப்பலை எடுப்பது ஃப்ளாட்டில் அதிகம் நடக்கும் வேலை. எட்டுக்கு ஐந்து பாத்ரூமில் ஓரடி ஆழ நிரப்பல் 40 கன அடி, ஏறக்குறைய இரண்டு டன். மூட்டைக்கு 35 கிலோ போட்டால் அறுபது மூட்டைக்கு அருகில். லிஃப்டில் ஏற்ற அசோசியேஷன் விடுமா, எந்த நேரம், கீழே எங்கே வைப்பது, எத்தனை மணி நேரத்துக்குள் எடுப்பது என்பதை முன்னாலேயே எழுத்தில் வாங்குங்கள். நிரப்பலை எடுக்கும்போது அடி ஸ்லாபில் மெஷின் பட்டால் கீழ்வீட்டு சீலிங்கில் தெரியும். வேலைக்கு முன் கீழ்வீட்டுக்காரரின் அனுமதியோடு அந்த சீலிங்கைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். தனி வீட்டில் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருந்தாலும் இதேதான். ஏற்கெனவே இருந்த விரிசல் எது, புதியது எது என்ற வாதத்துக்கு வேறு மருந்தில்லை.

ரப்பிஷ் எங்கே போகிறது

"நாங்களே எடுத்துடுவோம்" என்ற வார்த்தையில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரமும் ஏரிக் கரைகளும் பக்கிங்ஹாம் கால்வாயும் மேடாகின்றன. பள்ளிக்கரணை 2022 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. அங்கே கொட்டிய ஒரு லோடு அடுத்த மழையில் யாரோ ஒருவர் வீட்டுக்குள் தண்ணீராக வரும். 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளிலிருந்தே, கழிவைச் சாலையிலோ வடிகாலிலோ போடாமல் முறையாக ஒப்படைக்கும் பொறுப்பு அதை உருவாக்குபவருடையது. அதாவது வீட்டுக்காரருடையது. லாரிக்காரர் கொட்டினார் என்பது பதிலாகாது.

மாநகராட்சிக்குக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாட்டுக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. மண்டலவாரியாகச் சேகரிப்பு இடங்களும் உண்டு. உங்கள் பகுதிக்கு எது, இப்போது என்ன கட்டணம் என்று மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரரிடம் வண்டி எண்ணும், கொட்டிய இடத்தின் ரசீதும் வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னவுடன் தொகை ஏறினால் கோபப்படாதீர்கள். அதுதான் உண்மையான விலை, முன்னால் சொன்னதில் ஏரிக்கரை அடங்கியிருந்தது.

கான்கிரீட், செங்கல், கம்பி, மரம் ஆகியவற்றை உடைக்கும்போதே பிரித்துக் குவிக்கச் சொல்லுங்கள். டைல்ஸும் பிளாஸ்டிக்கும் மண்ணும் கலந்த ரப்பிஷை யாரும் விரும்பமாட்டார்கள். சுத்தமான கான்கிரீட் உடைசலுக்கு மதிப்பு உண்டு: இந்தியத் தர விதியான ஐ.எஸ். 383-இன் 2016 பதிப்பு, பழைய கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியைக் கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை சேர்க்க இடம் தருகிறது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை உடைக்கவே கூடாது. நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கித் தனியே வையுங்கள்.

எழுத்தும் பணமும்

முழுக் கட்டடத்தை இடிப்பதென்றால் மாநகராட்சியின் இடிப்பு அனுமதி, மின் இணைப்புத் துண்டிப்பு, மெட்ரோ வாட்டர் இணைப்பை அடைத்தல் மூன்றும் முடிந்த பிறகுதான் முதல் அடி. இடிப்பு வேலைப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 4130 என்று தனித் தரமே இருக்கிறது. அதைக் கேள்விப்படாதவர் முழு வீட்டை எடுக்க வேண்டாம்.

சின்ன வேலைக்கும் ஒரு பக்கத் தாள் போதும். என்ன உடைக்க வேண்டும் என்பது இரண்டு வரியில் முடிந்துவிடும். மீதியில் எது நிற்க வேண்டும் என்று எழுதுங்கள்: எந்தத் தூண், எந்தச் சுவர், எந்தக் குழாய், எந்த டைல்ஸ் ஓரம். சேதமானால் யார் செலவில் சரிசெய்வது, கம்பி யாருக்கு, மரம் யாருக்கு, ரப்பிஷ் எத்தனை யூனிட், எங்கே, எந்த நாளுக்குள் என்பவை எல்லாம் வேண்டும். சோதனைத் துளையில் தெரிந்த தடிமனையும் அதற்கு மேல் வந்தால் கன அடிக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்துவிட்டால் நடுவேலை வாக்குவாதம் இருக்காது. முன்பணமாகக் கால் பங்குக்கு மேல் தர வேண்டியதில்லை. உடைத்து முடித்ததும் பாதி. மீதிக் கால் பங்கு ரசீதோடு ரப்பிஷ் போன பிறகு. உடைப்பு முடிந்ததும் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டால் குவியல் வாசலிலேயே கிடக்கும்.

ஆட்களுக்குத் தலைக்கவசம், கண்ணாடி, பூட்ஸ், முகக்கவசம் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்கில் துண்டு கட்டிக்கொள்வது கான்கிரீட் தூசியில் உள்ள சிலிக்காவைத் தடுக்காது, அது நுரையீரலில் தங்குவது. உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிளக் இல்லாத வயரை சாக்கெட்டில் நேரே செருகித் தீக்குச்சியால் இறுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஈரத் தரையில் அது உயிருக்கு வினை. மின்கசிவு வந்தால் உடனே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக வரும் லைனில் மட்டும், பிளக்கோடு, மெஷினை ஓட்டட்டும். தொழிலாளர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களா, ஒப்பந்தக்காரரிடம் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நம் வீட்டில் வேலை செய்பவரின் உயிர் அது.

ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. பிரேக்கர் ஓட்டுபவர் காதில் 100-ஐத் தாண்டும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, பரீட்சை எழுதும் பிள்ளை, படுக்கையில் இருக்கும் பெரியவர் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மெஷின் ஓடும் நேரத்தை அவர்களிடம் சொல்லுங்கள். மதியம் ஒன்று முதல் மூன்று வரை கம்பி பிரிக்கும் வேலை, மூட்டை கட்டும் வேலை என்று சத்தமில்லாததை வைத்துக்கொள்ளலாம்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரு சுற்று வாருங்கள். சம்ப்பில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்து, மோட்டாரும் குழாயும் ஓடாமல் ஓர் இரவு விட்டு மறுநாள் பாருங்கள். கழிவுநீர் சேம்பரைத் திறந்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, தடையின்றி ஓடுகிறதா, குழாய்க்குள் கான்கிரீட் துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எர்த் கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துச் சோதியுங்கள். தூண்களின் ஓரத்தைச் சின்னச் சுத்தியால் தட்டிக் கேளுங்கள். தெருவையும் மழைநீர் வடிகால் வாயையும் கூட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.